உங்களுக்குத் தெரியுமா? பூனை வளரும் வீட்டில் செடி வளர்க்க…

மகரந்தமே போதும்

பூங்கொத்தில் வரும் லில்லியைப் பூனை கடித்துத் தின்ன வேண்டியதில்லை. உரசிக்கொண்டு போகும்போது மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, பிறகு அது உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்தாலே சிறுநீரகம் பழுதாகிவிடும். பூ நின்ற ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் அப்படித்தான். இலை, தண்டு, இதழ், கிழங்கு என எந்தப் பாகமும் விதிவிலக்கல்ல.

இதில் நம்மை ஏமாற்றும் ஒரு கட்டம் உண்டு. முதல் சில மணி நேரம் பூனை வாந்தி எடுக்கும், எச்சில் வடிக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு வாந்தி நின்று, தேறிவிட்டதுபோலத் தெரியும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிற அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீர் வருவதே நின்றுபோகலாம். அந்த நிலைக்குப் போன பூனையைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். மாறாக, முதல் 18 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோய், நரம்பு வழியே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து திரவம் ஏற்றினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடுகின்றன. "வாந்தி நின்னுடுச்சே, காலையில் பார்த்துக்கலாம்" என்று காத்திருக்கும் அந்த ஓர் இரவுதான் பூனையின் உயிரைக் குடிக்கிறது.

பூனைகளுக்கு லில்லியால் வரும் இந்த ஆபத்து கால்நடை மருத்துவ இதழ்களில் இடம்பெறத் தொடங்கியது 1990களின் தொடக்கத்தில்தான். லில்லியில் இருக்கும் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பதை இன்றுவரை யாரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. அதே லில்லியை ஒரு நாய் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும்.

எல்லா லில்லியும் ஒன்றல்ல

நர்சரியில் லில்லி என்று விற்கும் செடிகள் பலவும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறுநீரகத்தைக் கெடுப்பவை இரண்டு பேரினங்கள்: ஈஸ்டர் லில்லி, ஏசியாட்டிக், ஓரியன்டல், டைகர் லில்லி எல்லாம் அடங்கிய லிலியம் ஒன்று, டே லில்லி எனப்படும் ஹெமரோகாலிஸ் மற்றொன்று. பீஸ் லில்லி வாயை எரிக்கும், ஆனால் சிறுநீரகத்தைத் தொடாது. மழை பெய்ததும் சட்டென்று பூக்கும் மழை லில்லியின் கிழங்கில் லைகோரின் இருக்கிறது. தின்றால் கடும் வாந்தி வரும்.

பூங்கொத்துக் கடைகளுக்கு லிலியம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நீலகிரியில் பசுமைக்குடில் அமைத்து அதை வளர்க்கிறார்கள். நீலகிரி, பழனி மலைகளின் புல்சரிவுகளில் இயற்கையாகப் பூக்கும் நமக்கே உரிய லிலியமும் ஒன்று இருக்கிறது. பூனை உள்ள வீட்டில் லிலியத்துக்கும் டே லில்லிக்கும் இடமே தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அலமாரி உச்சியில் வைத்தாலும் மகரந்தம் கீழே உதிரும். பிறந்தநாளுக்குப் பூங்கொத்து வந்தால், லில்லியை வாசலிலேயே எடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளே கொண்டுவாருங்கள்.

மணி பிளான்ட்டுக்குள் ஊசிகள்

சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறது. சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கின்றன. காரணம், அதில் உள்ள கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவத்தில், கட்டுக் கட்டாகச் செல்களுக்குள் அடுக்கியிருக்கும். மணி பிளான்ட்டும் சேனையும் ஒரே குடும்பம். இலையிலும் தண்டிலும் அதே ஊசிகள். பூனை கடித்தவுடன் செல் உடைந்து ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் ஈறிலும் குத்துகின்றன. எச்சில் ஒழுகும், பூனை முகத்தை முன்னங்காலால் தேய்க்கும், சாப்பிட மறுக்கும்.

பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வலி உடனே தெரிவதால் இரண்டாவது கடி கடிக்கப் பூனை தயங்கும். ஈரத் துணியால் வாயைத் துடைத்து, ஒரு கரண்டி தயிர் கொடுத்துப் பார்க்கலாம். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

டிஃபன்பேக்கியா, ஃபிலோடெண்ட்ரான், மான்ஸ்டிரா, சிங்கோனியம், அக்லோனிமா, ஆந்தூரியம், கலேடியம் எல்லாம் இதே குடும்பம்தான். வரவேற்பறைச் செடிகளில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

ஈரலில் இல்லாத ஒரு கருவி

மனிதனும் நாயும் தாங்கிக்கொள்ளும் பல பொருள்கள் பூனைக்கு ஏன் விஷமாகின்றன? உடலுக்குள் வரும் பல வேதிப்பொருள்களோடு குளுகுரானிக் அமிலத்தை இணைத்துக் கரையக்கூடியதாக்கி வெளியேற்றுவது ஈரலின் வேலை. இதற்கான நொதிகளில் ஒன்றை உருவாக்கும் யுஜிடி1ஏ6 என்ற மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பூனைக் குடும்பத்தின் மற்ற விலங்குகளிலும், பழுப்புக் கழுதைப்புலியிலும், வடக்கு யானை சீலிலும்கூட இதே பழுதைக் கண்டது. எல்லாமே கிட்டத்தட்ட முழுக்க மாமிசம் தின்பவை. தாவர வேதிப்பொருள்களைத் தினமும் சமாளிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதால், அந்தக் கருவி காலப்போக்கில் பழுதானபோதும் அவற்றுக்கு நட்டமில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லக்கூடியது என்பதற்கும் இந்தக் குறையே காரணம். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாதி மாத்திரையைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். யூகலிப்டஸ், கிராம்பு, டீ ட்ரீ தைலங்களைப் பூனையின் உடம்பில் தடவுவதும் கூடாது.

மாநிலப் பூவும் விஷம்தான்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் கோல்சிசின் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் அதன் விதைக்காகவே விவசாயிகள் பயிரிடுகிறார்கள். மூட்டுவாத மருந்து அதிலிருந்துதான் வருகிறது. மருந்தாகும் அதே பொருள் அளவு மீறினால் செல்கள் பிரிவதையே நிறுத்திவிடும். கிழங்கில் விஷம் மிக அதிகம். உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்ற மனிதர்களே இறந்திருக்கிறார்கள். கொடியின் அழகைப் பார்த்துத் தொட்டியில் வைப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பூனை மட்டுமல்ல, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இது ஆகாது.

சாமி படத்து மாலை

செவ்வரளி, பொன்னரளி இரண்டிலும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன. காய்ந்த சருகிலும் விஷம் போகாது. அரளி மாலை போட்ட படத்துக்குக் கீழே உதிரும் பூவைப் பூனை உருட்டி விளையாடும். மறுநாள் கழற்றிய மாலையை மூடியில்லாத கூடையில் போட்டால் அதையும் இழுத்துப்போடும். விநாயகர் சதுர்த்தியன்று வரும் எருக்கம்பூ மாலையும் அப்படியே. எருக்கின் பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும்.

மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் இந்தப் பயமில்லை.

பூவைவிட நூல்

மல்லிகைச் சரத்தில் ஆபத்து பூவில் இல்லை, கட்டிய நூலில் இருக்கிறது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. நூல் மாட்டிக்கொண்டால் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கடியில் சிக்கி மறுமுனை குடலுக்குப் போனால், குடல் சுருக்கம் சுருக்கமாக மடிந்து அறுபடலாம். பிறகு அறுவை சிகிச்சைதான். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பனை போல இருக்கும், பனை அல்ல

வாசலுக்கு இரு பக்கமும் கம்பீரமாக வைக்கும் சைகஸ் செடியை சேகோ பாம் என்றும் விற்கிறார்கள். உண்மையான பனைக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. சைகசின் என்ற விஷம் செடி முழுவதும் இருக்கிறது, விதையில் மிக அதிகம். ஈரலை அழித்துவிடும். லில்லி, அரளி, செங்காந்தள் வரிசையில் நான்காவதாக இதையும் வைத்து, இந்த நான்கையும் வீட்டுக்குள் அனுமதிக்கவே வேண்டாம் என்பேன். அரிக்கா பாம் அசல் பனைக் குடும்பம். பூனைக்குத் தீங்கு செய்யாது.

மூங்கில் போல இருக்கும், மூங்கில் அல்ல

கண்ணாடிக் குடுவையில் கூழாங்கல் போட்டு வைக்கும் லக்கி பாம்பூ, டிரசீனா வகையைச் சேர்ந்தது. அதில் சபோனின் உண்டு. தின்ற பூனைக்கு வாந்தி வரும், கண்மணி விரிந்து நிற்கும். ஸ்னேக் பிளான்ட் என்று விற்கும் மருள் வகையையும் தாவரவியலாளர்கள் இப்போது டிரசீனாவிலேயே சேர்த்துவிட்டார்கள்.

நாசா சொன்னது இவ்வளவுதான்

"காற்றைச் சுத்தமாக்கும் செடி" என்ற அட்டை தொங்காத நர்சரி இன்று அரிது. அதன் மூலம் 1989இல் வுல்வர்ட்டன் என்ற ஆய்வாளர் நாசாவுக்காகச் செய்த ஆய்வு. சிறிய, காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை வைத்து, அது பென்சீன் போன்ற வாயுக்களை எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்தார்கள். நம் வீடு காற்றுப்புகாத பெட்டி அல்ல. அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் அத்தகைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சன்னல் வழியே வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்று வந்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அந்த அட்டையோடு விற்கும் மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஸ்னேக் பிளான்ட், டிரசீனா நான்குமே பூனைக்கு ஆகாதவை. காற்றுக்காக அவற்றை வாங்கியவர்கள் மனக்குறையில்லாமல் பூனை இல்லாத உறவினர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

கைவைத்தியத் தொட்டி

சளிக்குக் கற்பூரவள்ளி, தீக்காயத்துக்குச் சோற்றுக்கற்றாழை என்று நம் வீடுகளில் இரண்டு தொட்டிகள் இருக்கும். அமெரிக்காவில் 1866இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான ஏஎஸ்பிசிஏ வெளியிடும் பட்டியலில் இரண்டுமே பூனைக்கு ஆகாதவை. கற்பூரவள்ளியின் வாசனை எண்ணெயும், கற்றாழை மடலை ஒடித்தால் வடியும் மஞ்சள் பாலும் வாந்தியையும் கழிச்சலையும் உண்டாக்கும். உயிர் போகிற விஷயமில்லை. தொட்டிகளை மொட்டைமாடிக்கு மாற்றினால் போதும். ரணகள்ளி இதைவிடத் தீவிரமானது. அதில் இதயத்தைத் தாக்கும் பொருள் இருக்கிறது.

பூனை ஏன் புல் தின்கிறது?

வயிறு சரியில்லை என்றால் பூனை புல் தின்னும் என்று எல்லோரும் சொல்வோம். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களைக் கேட்டுப் பார்த்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. புல் தின்ற பூனைகளில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முன் நன்றாகவே இருந்தன. தின்ற பிறகும் பாதிக்கும் குறைவானவையே அடிக்கடி வாந்தி எடுத்தன. காட்டில் வாழ்ந்த மூதாதைகள் குடல்புழுக்களை வெளியே தள்ள இலை தின்றன, அந்தப் பழக்கம் இன்னும் உள்ளுணர்வாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுடைய கருத்து. சிம்பன்சிகளும் புழுவைத் தள்ள இலைகளை மெல்லாமல் விழுங்குகின்றன.

ஆகவே அடித்தோ அதட்டியோ இந்தப் பழக்கத்தை நிறுத்த முடியாது. அதற்கென்று ஒரு பச்சையைக் கொடுத்துவிடுவதே நல்லது. அறுகம்புல் நல்லது. அதைவிடச் சுலபம், கோதுமை. அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்ட வீட்டுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, அகலமான மண்சட்டியில் நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு நாளில் விரல் நீளம் வந்துவிடும். பழுக்கத் தொடங்கியதும் அடுத்த சட்டி தயாராக இருக்கட்டும். பார்லி, ஓட்ஸும் முளைக்கவைக்கலாம். சோளம் மட்டும் வேண்டாம். இளஞ்சோளப் பயிரில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. அதை மேய்ந்து மாடு செத்த கதை தெரியாத கரிசல் விவசாயி இல்லை.

குப்பைமேனி மயக்கம்

குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டால் அதன் வேரில் பூனை முகத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக, உருண்டு புரளும். பூனைவணங்கி என்று அதற்குப் பேர் வைத்தவர்கள் இதை நேரில் பார்த்தவர்கள்தான். வெளிநாட்டில் புகழ்பெற்ற கேட்னிப் செடியில் நெப்பட்டாலாக்டோன் என்ற பொருள் இதே வேலையைச் செய்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குப்பைமேனி வேரைச் சோதித்தபோது அதற்கு நெருங்கிய உறவான சேர்மங்களே கிடைத்தன.

இந்த மயக்கம் எதற்கு? ஜப்பானின் இவாதே பல்கலைக்கழகத்தினர் 2021இல் ஒரு விடை சொன்னார்கள். கேட்னிப் போன்ற இன்னொரு செடியான வெள்ளிக்கொடியின் சாற்றை முகத்திலும் தலையிலும் தேய்த்துக்கொண்ட பூனைகள் மேல் கொசுக்கள் குறைவாகவே உட்கார்ந்தன. ஆக, புரளும் பூனை தனக்குத்தானே கொசுவிரட்டி பூசிக்கொள்கிறது!

தோட்டத்தில் குப்பைமேனியைத் தேடி அதுவாகப் புரண்டால் புரளட்டும். ஆனால் பிடுங்கித் தின்னக் கொடுக்க வேண்டாம். இந்தச் செடியிலும் சயனைடு தரும் சேர்மம் உண்டு.

உரம், மருந்து

ஆமணக்குப் புண்ணாக்கு செடிக்கு நல்ல உரம். சரியாகச் சூடுபடுத்தாத புண்ணாக்கில் ரிசின் என்ற விஷம் தங்கியிருக்கும். அதைத் தின்று வெளிநாடுகளில் பல நாய்கள் இறந்திருக்கின்றன. எலும்புத்தூளின் வாசனைக்குப் பூனை தானே வந்து மண்ணைக் கிளறும். பூனை நடமாடும் இடத்தில் மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் போதும்.

பூச்சிமருந்தில் கவனிக்க வேண்டிய பெயர் பெர்மெத்ரின். சாமந்தியின் உறவுச் செடியில் கிடைக்கும் பைரித்ரத்தைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது இது. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றிலும் இருக்கிறது. நாய் தாங்கும், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீட்டில், மருந்து விட்ட நாயோடு அன்று பூனையைப் படுக்கவிடாதீர்கள்.

தொட்டியைக் கழிப்பிடம் ஆக்கினால்

மேல்மண்ணில் பெரிய கூழாங்கற்களோ உடைத்த கொட்டாங்குச்சியோ பரப்புங்கள். தோண்ட முடியாத இடத்தைப் பூனை விட்டுவிடும். மிளகாய்ப் பொடி தூவச் சொல்வதைக் கேட்க வேண்டாம். பாதத்தில் ஒட்டிய பொடி முகம் கழுவும்போது கண்ணுக்குப் போய்விடும், அது கொடுமை.

கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் ஒரு விஷயம். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் வெளிவந்தாலும், தொற்றும் நிலைக்கு வர அதற்கு ஒரு நாளாவது ஆகும். அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். அள்ளுவதை வேறொருவர் செய்யட்டும். தொட்டி மண்ணைக் கிளற வேண்டுமென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதற்காகப் பூனையை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை.

பால்கனியில் படிக்கட்டு

கம்பி ஓரமாக வைத்த பெரிய தொட்டி பூனைக்கு ஏறுபடி. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வில் 90 சதவீதம் பிழைத்தன. பூனை விழுந்தால் ஒன்றும் ஆகாது என்பதற்கு இதை ஆதாரம் காட்டுகிறவர்கள், நெஞ்சிலும் தாடையிலும் காலிலும் பட்ட அடிகளை மறந்துவிடுகிறார்கள். தொட்டியைச் சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள், கம்பிக்கு வலை கட்டுங்கள்.

தின்றுவிட்டால்?

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்பு மிகுந்தாலே பூனை மூளை பாதிக்கப்பட்டு இறக்கலாம். முட்டை, எண்ணெய், பால் என்று எதையும் திணிக்காதீர்கள், புரை ஏறும். வாயில் மிச்சமிருக்கும் இலையை எடுத்துவிட்டு, ரோமத்தில் மகரந்தமோ செடியின் பாலோ ஒட்டியிருந்தால் தண்ணீரால் கழுவி, துணியால் துடையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, செடியின் ஒரு கிளையை உறையில் போட்டுப் பூனையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கிளையைப் பார்த்தால் சிகிச்சை சீக்கிரமே தொடங்கும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை தெரிந்திருக்கும்.

தைரியமாக வாங்கக்கூடியவை

அரிக்கா பாம், பாஸ்டன் ஃபெர்ன், கலேத்தியா, பெப்பரோமியா, ஹவொர்த்தியா, ஆப்பிரிக்கன் வயலட். ஃபெர்ன் வாங்கும்போது அஸ்பராகஸ் ஃபெர்னைத் தவிர்த்துவிடுங்கள். அது ஃபெர்னே அல்ல, பூனைக்கும் ஆகாது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஸ்பைடர் பிளான்ட். சென்னை வெயிலையும் தாங்கும், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் மன்னிக்கும். காற்றில் ஆடும் அதன் நீண்ட இலைகளைப் பூனைகள் விடவே விடாது. கடித்தால் விஷமில்லை, நிறையத் தின்றால் கொஞ்சம் வாந்தி எடுக்கும், அவ்வளவே. தாய்ச்செடியிலிருந்து தொங்கும் குட்டிகளை வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில நாட்களில் வேர் விட்டுவிடும். ஒன்றை மேலே தொங்கவிடுங்கள், இன்னொன்றைத் தரையில் பூனைக்கென்றே விட்டுவிடுங்கள்.